படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்கிறதா? கேள்வி பதில்

மேலூரிலிருந்து ஒரு அக்கா: படுத்த கொஞ்ச நேரத்தில் முழங்காலுக்குக் கீழே உள்ளுக்குள் ஏதோ ஊர்கிறது. வலி என்றும் சொல்ல முடியவில்லை. எழுந்து நடந்தால் சரியாகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

பதில்: எக்ஸ்ரேயில் இது தெரியாது அக்கா. காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு, அது சும்மா இருக்கும்போது வருவது, நடக்கிற வரைக்கும் அடங்குவது, பொழுது சாய்ந்தபின் கூடுவது. நான்கும் சேர்ந்திருந்தால் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோமாக இருக்கலாம். டாக்டரிடம் "கால் வலி" என்று மட்டும் சொன்னால் மூட்டைத்தான் பார்ப்பார். எப்போது வருகிறது, எதில் அடங்குகிறது என்று சொல்லுங்கள். உடம்பில் சேர்த்துவைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பற்றியும் அவசியம் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு குறைந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் 25 என்று வந்தால் 'நார்மல்' என்றே போட்டிருக்கும். ஆனால் இந்தத் தொல்லை இருப்பவர்களுக்கு 75 வரைக்கும்கூட இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்பதுண்டு. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். எழுதிக்கொடுத்தால், டீ குடிக்கும் நேரத்தில் விழுங்க வேண்டாம். டீ இரும்பைச் சேரவிடாது.

செல்லூரில் தறி ஓட்டும் தம்பி: நடுராத்திரியில் கெண்டைக்கால் இறுகி உயிர் போகிறது. அதுவும் இதுதானா?

பதில்: இல்லை தம்பி, அது சதைப்பிடிப்பு. தொட்டால் கட்டியாகத் தெரியும், பாதத்தை முகத்தை நோக்கி இழுத்தால் விடும்.

திருமங்கலத்திலிருந்து ஒரு ஐயா: பத்து வருஷமாகச் சர்க்கரை. பாதம் எரிகிறது, செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை.

பதில்: ஐயா, நடந்தும் குறையாத எரிச்சலும் மரத்துப்போவதும் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள், இந்த வாரமே பாதத்தைக் காட்டுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு எட்டாம் மாதம். ராத்திரியெல்லாம் காலை உதறிக்கொண்டே இருக்கிறாள்.

பதில்: கடைசி மூன்று மாதங்களில் இது நிறையப் பேருக்கு வரும் அம்மா. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு அடங்கிவிடும். அடுத்த செக்கப்பில் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

ஆரப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி: சளி மாத்திரை போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏறினேன். சீட்டில் காலை வைக்கவே முடியவில்லை.

பதில்: தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகள் இதைக் கிளப்பிவிடும். வாந்திக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்தவரிடமே கேளுங்கள். அப்புறம், அப்பா அம்மாவுக்கு இப்படி இருந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். இது பரம்பரையாகவும் வரும், டாக்டருக்கு அந்தத் தகவல் உதவும்.