மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் அல்ல

வணக்கம் அண்ணா,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். கையில் இருப்பது ஒரு கனன் கமராவும் அதோடு வந்த 18-55 மில்லிமீற்றர் லென்ஸும்தான். அம்மம்மாவை விறாந்தையில் இருத்தி 18இல் எடுத்தேன். மூக்கு பெருத்து, காதுகள் சிறுத்து, வேறு யாரோ மாதிரி வந்திருக்கிறார். இரணைமடுக் குளத்தை எடுத்தால் அக்கரை நூல் போலத்தான் தெரிகிறது. 85 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கினால் முகம் சரியாக வரும் என்று கூட்டாளி சொல்கிறான். கடன்பட்டு வாங்கலாமா?

*

தம்பி,

கடன்பட வேண்டாம். முகத்தை மாற்றியது லென்ஸ் அல்ல, நீங்கள் நின்ற தூரம்.

18இல் ஒரு தலையும் தோளும் சட்டம் நிறைய வரவேண்டுமென்றால் அரை மீற்றருக்குக் கிட்டப் போகவேண்டும். மூக்கு நுனியிலிருந்து காதுவரை ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மூக்கு 50 சென்ரிமீற்றரில், காது 62இல். காதோடு ஒப்பிட்டால் மூக்கு நாலில் ஒரு பங்கு பெரிதாகப் பதியும். அதே ஆளை 55இல் வைத்து ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் 150க்கு 162, வித்தியாசம் 8 வீதம்தான், கண்ணுக்கே தெரியாது. குவியத் தூரம், அதாவது லென்ஸின் அந்த 18, 55 என்ற எண், செய்யும் வேலை காட்சியில் எவ்வளவை உள்ளே எடுப்பது என்று வெட்டுவது மட்டும்தான், உருவங்களின் ஒப்பளவை முடிவுசெய்வது உங்கள் கால்.

நம்பிக்கை வராவிட்டால் ஏ9 வீதியோரம் பனைகள் வரிசையாக நிற்கும் ஓரிடத்தில், காலை அசைக்காமல் 18இல் ஒன்றும் 55இல் ஒன்றும் எடுங்கள். முதல் படத்தின் நடுப்பகுதியை அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்காக வெட்டிப் பெருப்பித்துப் பாருங்கள். தெளிவு குறையும், ஆனால் எந்தப் பனை எந்தப் பனையை மறைக்கிறது, எது எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அப்படியே இருக்கும். பிறகு காலை நகர்த்திப் பாருங்கள். 10 மீற்றர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பனைகளில் முதலாவதுக்கு 10 மீற்றர் கிட்ட நின்றால் இரண்டாவது பாதி உயரம்தான் தெரியும், 100 மீற்றர் தள்ளி நின்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரமாகி ஒட்டிக்கொண்டு நிற்கும். நீண்ட லென்ஸ் தூரத்தை நெருக்குகிறது என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், நெருக்கியது தூரமே.

இதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் கூட்டத்தைத் தூரத்திலிருந்து 200இல் எடுத்தால் தலைக்கு மேல் தலையாக இடைவெளியே இல்லாமல் தெரியும், அதே கூட்டத்துக்குள் நின்று 18இல் எடுத்தால் ஆட்களுக்கு இடையில் மணல் தெரியும். இரண்டும் உண்மைப் படம்தான், ஆனால் பார்ப்பவருக்குக் கிடைப்பது இரண்டு கூட்டம். எங்கே நின்று எடுத்தது என்று தெரியாமல் ஒரு கூட்டப் படத்தை நான் நம்புவதில்லை.

வன்னியில் படமெடுப்பவர் யோசிக்க வேண்டிய இன்னொன்று. முள்ளிவாய்க்காலில் மே 18 அன்று அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயின் முகத்தை 20 மீற்றர் தள்ளி நின்று நீண்ட லென்ஸால் எடுத்துக்கொண்டு போய்விடலாம், அவருக்குத் தெரியவே தெரியாது. 2009க்குப் பிறகு இந்தச் சனம் அப்படி எவ்வளவோ எடுக்கப்பட்டுவிட்டது. ஒன்றரை மீற்றரில் நின்றால் பேச வேண்டி வரும், கேட்க வேண்டி வரும். வேண்டாம் என்றால் எடுக்கவும் முடியாது. முகப் படத்துக்கு எனக்குப் பிடித்த தூரம் அதுதான்.

சரி, 85க்கு வருவோம். உங்கள் கமராவில் இருப்பது சிறிய சென்சர் (படம் பதியும் தகடு) என்றால், பெரிய சென்சரோடு ஒப்பிட லென்ஸின் எண்ணைக் கனனில் 1.6ஆல் பெருக்க வேண்டும். பெரிய சென்சர் கமராவில் 85 காட்டும் அளவை உங்கள் லென்ஸின் 55 ஏற்கனவே காட்டுகிறது, பெருக்கிப் பாருங்கள், 88 வரும். உங்களுடையதில் 85ஐப் பூட்டினால் அது 136 போல ஆகிவிடும், ஒருவரை நிற்கவைத்து முழு உருவம் எடுக்கவே 7 மீற்றர் பின்னால் போகவேண்டும். எங்கள் வீட்டு விறாந்தைகளில் அதற்கு எங்கே இடம்? பின்புலம் நன்றாக மங்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் 1.8 துவாரமுள்ள 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று பாவித்ததாகப் பாருங்கள், விலையும் குறைவு, உங்கள் கமராவில் 80 போல நடக்கும்.

இரணைமடுவில் அக்கரை தூரத்தில்தான் இருக்கிறது, 18 அதைச் சிறிதாக்கத்தான் செய்யும். கட்டுக்கு மேலேயே நிற்காமல் கீழே இறங்கி, ஒரு தோணிக்கு ஒரு மீற்றர் கிட்டப் போய் அதே 18இல் எடுங்கள். முன்னால் தோணி பெரிதாக விழும்போதுதான் பின்னால் தண்ணீர் எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்பது தெரியும். அகன்ற லென்ஸுக்குக் கிட்ட ஒரு பொருள் வேண்டும்.

கலியாண வீட்டில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். குடும்பப் படத்தை 18இல் எடுத்தால் வரிசையின் இரு முனையிலும் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துத் தெரிவார்கள். இது தூரத்தால் வருவதல்ல, அகன்ற காட்சியைத் தட்டையான சென்சரில் விரிப்பதால் ஓரத்தில் வருவது. கதிரைகளை ஒதுக்கச் சொல்லி, இரண்டு மடங்கு தள்ளி நின்று 35இல் எடுங்கள். மண்டபத்தில் அதற்கும் இடமில்லாவிட்டால் ஆட்களை இரண்டு வரிசையாக்கி, ஓரத்தில் ஒல்லியான பொடியன்களை நிறுத்துங்கள், பெரியம்மாக்களை நடுவுக்கு எடுங்கள்.