லிஸ்டுல இருக்குற எல்லா 3-ஐயும் தூக்கணும், ஒண்ணு மட்டும் போக மாட்டேங்குது, ஏன்?

கேள்வி: பைத்தான்ல 2, 3, 3, 4, 3னு ஒரு லிஸ்ட் இருக்கு. ஃபார் லூப் போட்டு, 3 வந்தா ரிமூவ் பண்ணுனு எழுதிருக்கேன். ஓட்டி பாத்தா 2, 4, 3னு நிக்குது. புது லிஸ்ட் உருவாக்கக்கூடாது, அதே லிஸ்ட்தான் மாறணும். என்ன பண்றது?

பதில்: லூப் ஓடிட்டு இருக்கும்போதே அதே லிஸ்ட்ட வெட்டுறீங்க பாருங்க, பிரச்சனை அங்கதான். லூப்புக்கு உள்ள இண்டெக்ஸ், அதாவது லிஸ்டுல எந்த இடம்னு சொல்ற எண், மட்டும்தான் 0, 1, 2னு ஏறிட்டே போகும். இண்டெக்ஸ் 1-ல 3 வருது, தூக்கிட்டீங்க, உடனே பின்னாடி இருக்குறதெல்லாம் ஒரு இடம் முன்னாடி நகருது, அடுத்த 3 இப்ப 1-க்கு வந்து உக்காந்துடுச்சு, ஆனா லூப் 2-க்கு போயிடுச்சு, அதனால அந்த 3-ஐ அது பாக்கவே இல்ல. இன்னொன்னும் நடக்குது, இத நிறைய பேர் கவனிக்கறதில்ல. ரிமூவ் எப்பவுமே லிஸ்டுல முதல்ல வர்ற 3-ஐதான் தூக்கும், லூப் நிக்கிற இடத்துல இருக்குறத இல்ல. அதனால கடைசி 3-க்கு லூப் வரும்போது போனது முன்னாடி விட்டுப்போன 3, கடைசில இருந்தது அப்படியே தங்கிடுச்சு.

2, 3, 4, 3, 5னு குடுத்து பாருங்க, இதே கோட் சரியா 2, 4, 5 தரும். பக்கத்து பக்கத்துல ரெண்டு 3 வந்தாதான் மாட்டும். இந்த பக் டெஸ்ட்ல சிக்காம ரொம்ப நாள் ஒளிஞ்சிருக்கறது இதனாலதான்.

'3 இருக்குற வரைக்கும் ரிமூவ் பண்ணு'னு வைல் லூப் போட்டா விடை சரியா வரும், ஆனா ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து தேடி, மிச்சத்த நகர்த்தணும். தியேட்டர்ல ஒருத்தர் எழுந்து போனா வரிசைல மிச்சம் எல்லாரும் ஒரு சீட் தள்ளி உக்கார்ற மாதிரி. ஒரு லட்சம் எலிமெண்ட்டும் 3-ஆ இருந்தா மொத்தம் கிட்டத்தட்ட 500 கோடி நகர்த்தல்.

சரியான வழிக்கு, எது போகணும்ங்கறத விட்டுட்டு எது தங்கணும்னு பாருங்க. ரெண்டு இண்டெக்ஸ் வச்சுக்கோங்க, ஒண்ணு படிக்க, ஒண்ணு எழுத, ரெண்டும் 0-ல ஆரம்பிக்கும். படிக்கிறது ஒவ்வொன்னா முன்னாடி போகும். 3 இல்லனா அந்த வேல்யூவ எழுதுற இடத்துல போட்டு, எழுதுற இண்டெக்ஸ ஒண்ணு ஏத்துங்க, 3-னா ஒண்ணும் பண்ணாம தாண்டுங்க. உங்க லிஸ்டுக்கு 2 போய் 0-ல, 4 போய் 1-ல விழும், எழுதுற இண்டெக்ஸ் 2-ல நிக்கும். லிஸ்ட் இப்ப 2, 4, 3, 4, 3னு இருக்கும், பயந்துடாதீங்க, 2-ல இருந்து கடைசி வரைக்கும் பழைய மிச்சம்தான், அத ஒரே டெல் கட்டளைல வெட்டிடுங்க. ஒரே ஒரு சுத்து, வரிசையும் மாறாது, கூடுதல் மெமரியும் வேணாம்.

சி++ல ரிமூவ் ஃபங்ஷன் இதேதான் பண்ணுது. வெக்டரோட (சி++ல லிஸ்ட் மாதிரி இருக்குறது) சைஸ குறைக்காது, புது முடிவு எங்கனு மட்டும் சொல்லும், அப்புறம் மிச்சத்த வெட்டுற எரேஸ் நீங்கதான் போடணும். அது தெரியாம 'ரிமூவ் வேலை செய்யல'னு தவிக்கறவங்க நிறைய பேர். சி++20ல ரெண்டையும் சேர்த்து ஒரே எரேஸ் வந்துடுச்சு. இதே வேலைக்கு ஜாவால ரிமூவ்இஃப், ரஸ்ட்ல ரீடெய்ன்னு இருக்கு, இப்படி ரெடியா இருந்தா அதையே யூஸ் பண்ணுங்க, நீங்களா எழுத வேணாம்.

வரிசை முக்கியம் இல்லனா இன்னும் சுலபம், 3 இருக்குற இடத்துல கடைசி எலிமெண்ட்ட தூக்கி போட்டு நீளத்த ஒண்ணு குறைங்க. ஆனா இண்டெக்ஸ ஏத்தாதீங்க, வந்து விழுந்ததும் 3-ஆ இருக்கலாம்.

பைத்தான்ல சுருக்கமா முடிக்கணும்னா 3 இல்லாதத மட்டும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்ல (ஒரே வரில லூப் போட்டு லிஸ்ட் உருவாக்கற முறை) எடுத்து, லிஸ்ட் பேருக்கு பக்கத்துல சதுர அடைப்புக்குள்ள ஒரு கோலன் போட்டு அதுக்கு அசைன் பண்ணுங்க. அந்த அடைப்பையும் கோலனையும் விட்டுட்டா பேரு மட்டும் புது லிஸ்ட்ட காட்டும், இத ஒரு ஃபங்ஷனுக்குள்ள பண்ணா, அந்த ஃபங்ஷன கூப்பிட்ட இடத்துல பழைய லிஸ்ட் மாறாம அப்படியே இருக்கும். கோலன் போட்டாலும் நடுவுல ஒரு தற்காலிக லிஸ்ட் உருவாகத்தான் செய்யும், மெமரி இறுக்கமா இருந்தா ரெண்டு இண்டெக்ஸ் முறைக்கே போயிடுங்க.

எழுதி முடிச்சதும் நாலு லிஸ்ட் ஓட்டி பாருங்க: காலி லிஸ்ட், எல்லாமே 3, ஒரு 3 கூட இல்லாதது, கடைசில ரெண்டு 3 ஒட்டி நிக்கிறது.