பதினாறாம் அத்தியாயத்தில் ஏன் எல்லாம் சரியாகிவிடுகிறது?

கேள்வி: நான் கல்லிடைக்குறிச்சிக்காரி, வயது 31. முதன்முதலாக ஒரு காதல் நாவல் எழுதி, அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கதாநாயகி மிதுனா ஓயாமல் பேசுகிறவள். கல்யாணமான மூன்றே மாதத்தில் விவாகரத்து வாங்கி, அம்மா வீட்டுக்கு வந்து அப்பளத் தொழிலைப் பார்க்கிறாள். கதாநாயகன் ஆதவ், ஸ்ரீவைகுண்டத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். 2023 வெள்ளத்தில் கடைச் சரக்கையும் அப்பாவையும் இழந்தவன், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். இவளிடம் அப்பளம் வாங்குகிறான். 15 அத்தியாயம் வரை நன்றாக இருக்கிறது, அப்புறம் நம்ப முடியவில்லை என்கிறார்கள் தோழிகள். இரு துருவங்களாக இருக்கும் இருவர் ஒருவர் காயத்தை ஒருவர் ஆற்றுவதை நம்பும்படி எழுதுவது எப்படி? நெல்லைப் பேச்சு எவ்வளவு வரலாம்? இன்னொன்று, நானும் விவாகரத்து ஆனவள். "ஊரு இது உன் கதைன்னுதான் சொல்லும், எழுதாத" என்கிறார் அம்மா.

பதில்: தோழிகள் சொன்னது சரிதான். 16-ஆம் அத்தியாயத்தில் மிதுனா அவன் கையைப் பிடித்து "நான் இருக்கேன்" என்கிறாள், அவன் விடிய விடிய அழுகிறான், காலையில் சிரித்த முகத்தோடு கடை திறக்கிறான். அழுகையை எல்லோரும் நம்புவார்கள். அந்தக் காலைச் சிரிப்பைத்தான் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் கோளாறு அந்த அத்தியாயத்தில் தொடங்கவில்லை. முதல் 15 அத்தியாயத்தில் அவள் பேசுகிறாள், அவன் லேசாக உதட்டைச் சுழிக்கிறான், நமக்கும் படிக்கச் சுகமாக இருக்கிறது. அவள் பேச்சு அவனை ஒருமுறையாவது வலிக்கச் செய்ததா? அவன் மௌனம் அவளை ஒருமுறையாவது பயமுறுத்தியதா? இல்லை. குணம் எதிரெதிராக இருப்பதைக் கொஞ்சலுக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எதிர்க்குணம் முதலில் காயத்தில் போய் இடிக்க வேண்டும். ஆற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு வேண்டியதை நீங்களே கதையில் வைத்துவிட்டு, எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். அவள் ஊரும் அவன் ஊரும் ஒரே தாமிரபரணிக் கரை. பாபநாசத்திலிருந்து இறங்கும் தண்ணீர் கல்லிடைக்குறிச்சியைத் தாண்டித்தான், ஆற்றின் கடைசி அணைக்கட்டு இருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகிறது. கார்த்திகை மழையில் அவள் போன் பண்ணுகிறாள் என்று வையுங்கள். "சரக்கு ரெண்டு நாள் பிந்தும் அண்ணாச்சி, அப்பளம் காய மாட்டேங்கு. ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போகுது, பாக்க அவ்வளவு அழகா இருக்கு!" அவன் பதில் சொல்லாமல் போனை வைத்துவிடுகிறான். மூன்று நாள் எடுப்பதே இல்லை. அங்கே அவன் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், புருஷன் வீட்டில் குழம்பில் உப்புக் கூடினால்கூட வாரக்கணக்கில் பேசாமல் இருந்து தண்டித்த ஒரு மனுஷன். அதே மௌனம்தான் போனில் கேட்கிறது. வாயாடி வாயை மூடிக்கொள்கிறாள்.

இப்போது இரண்டு பேருக்கும் அடிபட்டிருக்கிறது, இரண்டு பேர் மேலும் தப்பில்லை. உங்கள் 16-ஆம் அத்தியாயம் இதுதான்.

அதற்கப்புறம் ஆறுவதை எப்படிக் காட்டுவது? பழக்கத்தில் காட்டுங்கள். நம் பக்கத்து நாளிதழ்களில் தினமும் அணை நீர்மட்டம் போடுவார்கள். பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ஆதவ் காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அந்த மூன்று எண்ணாக இருக்கட்டும். விஷயம் தெரிந்த பிறகு மிதுனா, தண்ணீரின் அழகைச் சொல்வதை விட்டு, தானாகவே எண்ணைச் சொல்ல ஆரம்பிக்கிறாள்: "பாபநாசம் இன்னைக்கு 121, மழையும் வெறிச்சிட்டு." அவனும் பதிலுக்கு ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும். போனை வைக்கிறதுக்கு முன்னால், "கோவம் ஒண்ணும் இல்ல, அப்புறம் பேசுதேன்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காக நான் உங்களுடைய ஆஸ்பத்திரிக் காட்சி, கோயில் காட்சி இரண்டையும் வெட்டிவிடுவேன்.

வெள்ளத்தைப் பற்றி ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோன திருச்செந்தூர் ரயில், எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் உங்களைப் படிக்கப்போகிறவர்களில் பலர் அந்தத் தண்ணீரிலேயே நின்றவர்கள். ஒரு பக்கம் போதும். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு கடைக்கு என்ன ஆகும் என்பதை எழுதுங்கள். 9-ஆம் அத்தியாயத்தில் பற்று நோட்டு தண்ணீரில் கரைந்துபோனது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, எனக்குப் படிக்கும்போது பகீர் என்றது! யார் எவ்வளவு பாக்கி என்பது அந்த நோட்டிலும் அப்பா மனதிலும்தான் இருந்தது. இரண்டுமே இப்போது இல்லை. கேட்கவும் கூச்சம், கேட்காவிட்டால் கடை எழும்பாது. பேசத் தெரியாத பையன் என்ன செய்வான்? இங்கேதான் மிதுனாவின் வாய் வேலைக்கு வர வேண்டும். அப்பளம் கொண்டுவருகிற சாக்கில் தெருவில் நாலு வீட்டு நடையில் உட்கார்ந்து பேசினால், "அவிய அப்பாட்ட நான் ரெண்டாயிரம் பாக்கி வச்சிருந்தேன்" என்று ஆச்சிமார் தாமாகவே சொல்வார்கள். சிலர் இல்லவே இல்லை என்று சாதிப்பார்கள், அதையும் எழுதுங்கள். பாக்கி வசூலாவதோடு, அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று ஊரே பேச, அவன் கேட்கிறான். கையைப் பிடித்து "நான் இருக்கேன்" சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

காலமும் போதவில்லை. உங்கள் கதை சித்திரையில் ஆரம்பித்துப் புரட்டாசியில் முடிகிறது, அதாவது ஒரு வடகிழக்குப் பருவமழைகூட இல்லை! மழைக்குப் பயந்தவன் கோடையில் சிரித்தால் அதற்கு என்ன மதிப்பு? பிசான நெல் அறுவடையாகிற மாசி, பங்குனியில் அவன் தேறிவிட்டதுபோலத் தெரியட்டும். அடுத்த ஐப்பசியில் பயம் திரும்ப வரட்டும், ஆனால் போன வருஷத்தை விடக் கொஞ்சம் கம்மியாக. இரண்டு மழைக்காலம் இல்லாமல் இந்த நாவல் நிற்காது.

அப்புறம், மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் போய் நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது காதலி பார்க்கிற வைத்தியம் இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே ஓபி வரிசையில் ஒருநாள் நிற்கவையுங்கள். அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு ராத்திரி போன் போடட்டும், இலவசம்தான். கதாநாயகன் டாக்டரிடம் போனால் காதலின் பெருமை குறையும் என்று நம் தொடர்கதைகளுக்கு ஒரு பயம். எனக்கு அது எப்போதும் எரிச்சலாகவே இருக்கும்.

சட்டத்தில் ஒரு திருத்தம். மூன்று மாதத்தில் விவாகரத்து நடக்காது. இந்து திருமணச் சட்டப்படி, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்கு முன் மனுவே போட முடியாது, மிகக் கடுமையான சூழல் என்று நீதிமன்றம் ஏற்றால் தவிர. பரஸ்பர சம்மதம் என்றாலும் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு, 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி தகுந்த வழக்குகளில் அதைத் தள்ளுபடி செய்யலாம். நீங்களே கடந்து வந்த பாதை, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த நாட்களை எழுதப் பிடிக்காமல் மூன்று மாதம் என்று சுருக்கிவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம். தப்பென்றால் மன்னியுங்கள். சரியென்றால், மிதுனாவின் காயம் அந்த மாதங்களில்தான் கிடக்கிறது. இப்போதைய கதையில் அவளுக்குக் காயமே இல்லை, அவனுக்கு நர்ஸ் வேலை மட்டும் பார்க்கிறாள்.

நெல்லைப் பேச்சு உரையாடலில் மட்டும் வரட்டும், விவரிப்பில் வேண்டாம். மிதுனா பக்கத்துக்குப் பக்கம் "ஏலே" என்கிறாள். சினிமாவில் நெல்லை என்றால் அப்படித்தான், ஆனால் நம் பெண் ஒரு கடைக்காரரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அதுவே உங்களுக்கு வசதி. எந்த நாளில் அண்ணாச்சி நின்று, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மொட்டையாகப் பேச ஆரம்பிக்கிறாளோ, அன்றைக்கே பக்கத்திலிருக்கும் அவள் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஆதவ் என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் ரேஷன் கார்டில் அவனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருப்பார்களே! ஆச்சி வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லமாட்டாள், அதனால் பேரனை "ராசா" என்பாள். ஒரு இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அம்மா சொன்னது. ஊர் சொல்லத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. உங்கள் கையில் இருப்பது ஒன்று: முன்னாள் கணவர், அவர் ஊர், வேலை, குடும்பம் எதுவும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு நல்ல குணமாவது கொடுங்கள். முழு வில்லனாக எழுதினால்தான் சொந்தக் கணக்கு தீர்க்கிறாள் என்பார்கள், கதைக்கும் அது கெடுதல். திருத்தி எழுதியதும் முதல் பிரதியை அம்மாவிடமே கொடுங்கள். 4-ஆம் அத்தியாயத்தில் மாவு பிசைந்து அப்பளம் இடுகிற பகுதியில் ஏதோ உதைக்கிறது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்லிவிடுவார்.