வட்டி குறைந்தால் வைத்தியச் செலவு குறையுமா?

(வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, காரைக்குடியில் இருக்கிறேன். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.)

தேவகோட்டை ஆச்சி: 2025-இல் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்ததாமே! டாக்டர் கட்டணம் மட்டும் ஏன் குறையவில்லை?

குறையாது ஆச்சி. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கியிடம் வங்கிகள் வாங்கும் கடனுக்கான வட்டி. பிப்ரவரி தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்தது, ஜூனில் 5.50 ஆனது. டாக்டர் அதைப் பார்த்துக் கட்டணம் வைப்பதில்லை. டெபாசிட் வட்டியில் காலம் தள்ளும் உங்களுக்கு உண்மையில் இது நட்டம். 10 லட்சத்துக்கு ஒரு சதவீதம் குறைந்தால் மாதம் 833 ரூபாய் போகும். சர்க்கரை மாத்திரைக்கு எடுத்துவைக்கும் பணம் அது. ஆனால் போட்ட டெபாசிட்டுக்கு முதிர்வு வரை பழைய வட்டிதான். புதுப்பிக்கும் அன்றுதான் அடி விழும், தேதியைப் பார்த்து வையுங்கள்.

கோட்டையூர் இளைஞர்: அப்பச்சியின் இருதய அறுவைச் சிகிச்சைக்காக நகையை அடகு வைத்தேன். என் வட்டி இறங்குமா ஐயா?

பெரும்பாலும் இறங்காது தம்பி. ரெப்போவைத் தொட்டு ஏறி இறங்குவது வங்கியின் மாறும் வட்டி வீட்டுக்கடன். நகைக்கடனில் வைத்த அன்றைய வட்டியே தவணை முடியும் வரை ஓடும். மீட்டு மறுபடி வைக்கலாம். மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கழித்தும் மிச்சம் நிற்கிறதா என்று முதலில் கணக்குப் போடுங்கள். வட்டிக்கடையில் வைத்திருந்தால் ரிசர்வ் வங்கியின் குரல் அங்கே கேட்பதே இல்லை. (பர்மாவின் இரங்கூனில் வட்டித்தொழில் செய்த நம் நகரத்தார் முன்னோர் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள், அந்தக் காலத்தில் நாமே ரிசர்வ் வங்கி!) நகையைத் தொடும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டினீர்களா? தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, இருதய அறுவையும் அதில் அடக்கம். வட்டி ஒன்றிரண்டு சதவீதம் இறங்குவதை விட இது பெரிது.

புதுவயல் மருந்துக் கடைக்காரர்: 2023-இல் மாத்திரை விலை ஏறியதற்கு வட்டி உயர்வுதானே காரணம்?

தலைகீழாகச் சொல்கிறீர்கள். அத்தியாவசிய மருந்துகளின் உச்சவிலை, மொத்த வியாபார விலைவாசியைக் காட்டும் மொத்த விலைக் குறியீட்டைத் தொட்டு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அந்த ஏப்ரலில் 12.12 சதவீதம் வரை ஏற்ற அனுமதி கிடைத்தது. அந்த விலைவாசியை அடக்கத்தான் 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போவை 4-இலிருந்து 6.50 ஆக்கினார்கள். மறு ஆண்டு அனுமதி 0.00551 சதவீதம், அதாவது ஒன்றுமில்லை. விலைவாசி அடங்கியதற்கு முழுப் பெருமையையும் ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்க மாட்டேன். கச்சா எண்ணெய் விலை இறங்கியதற்கும் அதில் பங்கு உண்டு.

பள்ளத்தூர் ஆசிரியை: ரூபாய் சரிந்தால் ஸ்கேன் செலவு கூடுமா?

கூடும், ஆனால் மறுநாளே அல்ல. பெரிய இயந்திரங்கள் பெரும்பாலும் இறக்குமதி. புதிதாக ஒன்று வாங்கும்போதோ உதிரிப்பாகம் மாற்றும்போதோ அந்தச் சரிவு ரசீதில் ஏறும்.