கறியில் ரத்தம் போக உப்பிடுவது எப்படி?

சகோதரி, ரத்தம் உண்ணக் கூடாது என்னும் பைபிளின் லேவியராகமம் 17-இன்படி ரத்தம் நீக்க ஆட்டுக்கறியில் தூள் உப்பைத் தடவி, இரவு முழுக்கக் கிண்ணத்தில் வைத்தீர்கள். கறி உப்புக் கரிக்கிறது, சிவப்பு நீரும் நிற்கவில்லை என்கிறீர்கள்.

தூள் உப்பு சட்டென்று கரைந்து கறிக்குள் இறங்கிவிடும். கல் உப்பை ஒன்றிரண்டாக இடித்துப் போடுங்கள். அதைவிடப் பெரிய பிழை கிண்ணம்தான்: வடிந்த ரத்தத்திலேயே கறி ஊறிக் கிடக்கிறது. யூதர்களின் முறையில் வடிவதற்குத்தான் முதலிடம்.

கறியை அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். உறைந்த கறி என்றால் முழுக்க இளகிய பிறகே. வெந்நீர் கூடவே கூடாது, ரத்தம் உள்ளேயே உறைந்துவிடும். கழுவி, சொட்டுவது நின்றதும், ஈரம் காயும் முன் எல்லாப் பக்கமும் உப்பிட்டு ஓட்டைத் தட்டில் 1 மணி நேரம் வையுங்கள். வெள்ளை உப்பு இளஞ்சிவப்பாக மாறி, அடியில் சொட்டுச் சொட்டாக வடியும். பிறகு 3 முறை நன்றாக அலசுங்கள். குழம்பு கொதித்த பின் ருசி பார்த்தே உப்புச் சேருங்கள்.

இதற்குப் பிறகும் கசியும் சிவப்பு நீரை யூதச் சட்டம் விலக்கப்பட்ட ரத்தமாகக் கொள்வதில்லை. கவலை வேண்டாம்.

ஈரலுக்கு மட்டும் இந்த முறை போதாது. அதைக் கீறி, கழுவி, லேசாக உப்பிட்டு நேரடி நெருப்பில் சுட வேண்டும்.