கறிவேப்பிலையின் வாசம் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

மாடித் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியைப் புழு மொட்டையடித்துவிட்டது. முதலில் இலைமேல் பறவை எச்சம் என்றே நினைத்தேன். பார்த்தால் அதுதான் புழு! பிறகு பச்சையாக மாறிவிட்டது. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு நீட்டுகிறது, ஒரே நாற்றம். இவ்வளவு வாசமுள்ள செடியைப் பூச்சி அண்டாது என்றுதானே சொல்வார்கள்? வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பூச்சி அண்டாது என்பது பெரும்பாலும் சரிதான். ஒரு கறிவேப்பிலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் ஒளிபுகும் புள்ளிகள் தெரியும். அவ்வளவும் எண்ணெய்ப் பைகள். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா என்று இந்தக் குடும்பத்தில் எதை எடுத்தாலும் இந்தப் புள்ளிகள் இருக்கும். பூச்சி கடித்ததும் பை உடைந்து எண்ணெய் அதன் வாயில் இறங்கும். ஆரஞ்சுத் தோலை மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் பிதுக்கினால் பொறி பறக்கிறதே, அதே வகை எண்ணெய்தான். ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலுள்ள லிமோனீன் என்ற வாசப்பொருள் பல பூச்சிகளுக்கு விஷம், பூச்சிமருந்திலேயே சேர்க்கிறார்கள். நாம் தாளிப்பதற்காகச் செடி மணக்கவில்லை.

ஆனால் எந்தக் காவலுக்கும் ஒரு கள்ளச்சாவி உண்டு. உங்கள் செடிக்கு வந்தது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியாகவோ, கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட அதன் உறவுக்காரியாகவோ இருக்கும். இவற்றின் புழுக்கள் அந்த விஷத்தைக் குடலிலேயே முறித்துவிடும். மற்றவர்கள் ஒதுங்கும் இலை இவர்களுக்குப் போட்டியில்லாத பந்தி. தாய்க்கு அந்த வாசம்தான் முகவரி. மணம் பிடித்து வந்து, முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். ருசி அறியும் உறுப்பு காலிலேயே இருக்கிறது. சரியான செடிதான் என்று தெரிந்தால் கொழுந்தில் ஒரு வெளிர்மஞ்சள் முட்டை.

எச்சம் என்று நினைத்தேன் என்கிறீர்களே, பறவையும் அப்படித்தான் நினைக்க வேண்டும். ஆனால் புழு பெருத்த பிறகு அந்த வேஷம் பலிக்காது. அவ்வளவு பெரிய எச்சம் ஏது? அதனால் கடைசியாகத் தோலுரிக்கும்போது இலைப்பச்சைக்கு மாறிவிடுகிறது. பூச்சியைப் புழுவாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன் குறைவதுதான் இந்த வேஷமாற்றத்துக்குக் காரணம் என்று, இவற்றின் நெருங்கிய உறவான இன்னொரு பட்டாம்பூச்சியின் புழுவை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். அந்தக் கொம்பு குத்தாது, பயப்படாதீர்கள். எறும்பை விரட்டுவதற்கான நாற்றக் கருவி அது. பெரிய புழுவிடம் வரும் நாற்றம் ஊசிப்போன வெண்ணெய்போல இருக்கும். அதே வகை அமிலங்கள்தான்.

இந்தக் குடும்பம் பூச்சிகளை விரட்டுவதோடு நிற்பதில்லை, அழைக்கவும் செய்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பூக்களின் தேனில் துளி காஃபீன் உண்டு. அதைக் குடித்த தேனீ அந்தப் பூவின் மணத்தை நீண்ட நேரம் மறப்பதில்லை என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. நமக்குக் காலையில் காபி, அவற்றுக்கு வயலிலேயே. கறிவேப்பிலையின் கறுத்த பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். விதை அவற்றின் வயிற்றில் ஊர் சுற்றிவிட்டு எங்காவது வேலியோரம் முளைக்கும். மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்டது குருந்த மரத்தடியில் என்பார்கள். அந்தக் குருந்தும் எலுமிச்சையின் சொந்தம்தான். அதன் இலையில் வளர்வது நம் ஊர்ப் பெரிய கருநீலப் பட்டாம்பூச்சி.

சரி, உங்கள் செடி. வேர்விட்டு நின்ற செடி என்றால் விட்டுவிடுங்கள், மறுபடி துளிர்க்கும். மொட்டையான கிளைநுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளையும் வரும். நாற்று என்றால் கொழுந்து இலைகளை அவ்வப்போது புரட்டிப் பார்த்து, புழுவை இலையோடு கிள்ளி, பக்கத்தில் இருக்கும் பெரிய கறிவேப்பிலை மரத்திலோ எலுமிச்சையிலோ விடலாம். வேப்பெண்ணெய் வேண்டாம். பட்டாம்பூச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. அடித்த இலையைத்தான் மறுநாள் ரசத்தில் போடப்போகிறீர்கள்.