ஏசிய வார்த்தையை அப்படியே எழுதுங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். சாக்கடைத் தண்ணீர் தகராறில் பக்கத்துக் கடைக்காரர், சாப்பிட வந்தவர்கள் முன்னால் என்னையும் என் தாயையும் சேர்த்து அசிங்கமாக ஏசினார். ஸ்டேஷனில் மனு கொடுத்தால், 'வாய்ச்சண்டைதானே, சமாதானமாப் போங்க' என்கிறார்கள். வழக்குப் போட முடியாதா?

பதில்: போடலாம் அம்மா. ஆனால் நீங்கள் அனுப்பிய மனு நகலில் 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று மட்டும்தான் இருக்கிறது. இந்த ஒரு வரியாலேயே இப்படிப்பட்ட வழக்குகள் படுத்துவிடும்.

பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொந்தரவாக ஆபாசச் சொல் பேசுவது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆவது பிரிவின்படி குற்றம். 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலைக்கு முன், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதைத்தான் 294(பி) என்பார்கள். ஆனால் வெறும் வசவு போதாது, சொல் ஆபாசமாக இருக்க வேண்டும் என்று 2022-ல் நம் மாநில வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் பக்கம் 'ஏ மூதி' என்று பெற்ற தாயே பிள்ளையைக் கூப்பிடுவாள். அதையே கடைத்தெருவில் அயலான் சொன்னால் சுருக்கென்று தைக்கும், ஆனாலும் அது ஆபாசம் ஆகாது. தாயையும் உடம்பையும் இழுத்துப் பேசுவது வேறு. ஒரு ஊர் எதைப் பெரிதாகப் பொத்தி வைத்திருக்கிறதோ, வசவு அங்கேதான் போய்க் குத்தும். கனடாவில் கியூபெக் பிரெஞ்சுக்காரர்களின் கடும் வசவுகள் தேவாலயத்துப் பொருள்களின் பெயர்கள். நமக்குத் தாய். அதனால்தான் அந்தச் சொல்லை எழுத உங்களுக்குக் கை வரவில்லை. எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லைப் பார்க்காமல் அது ஆபாசமா என்று நீதிபதி எப்படி முடிவு செய்வார்? கூசாமல் எழுதுங்கள் அம்மா, அந்த அசிங்கம் பேசியவருடையது.

புது மனுவில் நாள், நேரம், அவர் சொன்னது சொன்னபடி, யார் யார் கேட்டார்கள், யார் முகம் சுளித்து எழுந்துபோனார்கள் என்று எழுதுங்கள். அவர்களில் இரண்டு பேர் சாட்சிக்கு வந்தால் நல்ல பலம். பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கில் பேசியதற்கு 79-ஆவது பிரிவும் கேளுங்கள், அதில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. நீங்களும் பதிலுக்கு ஏசியிருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள், எதிர் மனு வரும்.

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100-க்குக் கூப்பிடுங்கள்.